குன்னூர் டிரங்குப் பெட்டியில் பதினொரு வீடியோ கேம்கள்: அரியது எது, விலை போனது எது

பின்னணி

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையை ஒட்டிய பழைய வீடு அது. 2023 நவம்பரில் அதை விற்க முடிவு செய்த குடும்பம் பரணைக் காலி செய்தபோது ஒரு தகர டிரங்குப் பெட்டி இறங்கியது. வீட்டின் மூத்த மகன் 1983 முதல் 2006 வரை சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூர், யோகோஹாமா, கோபே என்று கப்பல் எங்கே நின்றாலும், முதலில் தங்கைகளுக்கும் பிறகு தங்கை பிள்ளைகளுக்கும் கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் ஒன்றை வாங்கி வருவது அவர் வழக்கம். பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் கிளம்பியபின் எல்லாம் டிரங்குக்குள் போய்விட்டன. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அதை யாரும் திறக்கவில்லை.

பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் பெட்டியோடு ரூ.3,500 தருவதாகச் சொன்னார். கோவையிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் மொத்தமாக ரூ.12,000 என்றார். வீட்டு இளைஞர் ஒருவரோ, நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் ஒன்று, பெட்டி பிரிக்காதது, லட்சக்கணக்கில் விற்றது என்று ஒரு காணொளியைக் காட்டி எதையும் விற்கக் கூடாது என்றார். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்த குறை ஒன்றுதான்: பெட்டிக்குள் இருப்பவை ஒவ்வொன்றும் எந்த மாதிரி என்று யாரும் பார்க்கவில்லை. கோவையில் பழைய மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இருவரை அதன்பிறகே அழைத்தார்கள்.

முதல் நாள் கண்டவை

பதினொரு கருவிகள், கருவியில் செருகி விளையாடும் பதினான்கு கேட்ரிட்ஜ்கள், இரண்டு கேபிள்கள், ஒரு கையேடு, ஒரு தெர்மாகோல் தட்டு. பெட்டிக்குள் வடகிழக்குப் பருவமழைக்கே உரிய பூஞ்சை வாடை. குன்னூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில், மூடிய தகரப் பெட்டிக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. பூச்சி வராமலிருக்கப் போட்ட அந்துருண்டைகள் தெர்மாகோல் தட்டில் ஒட்டி, ஒட்டிய இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. அந்துருண்டையின் ஆவி பாலிஸ்டைரின் வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். துணிமணிக்கு நல்லது என்பதற்காக மின்னணுப் பொருள் இருக்கும் பெட்டியில் அதைப் போடுவது கேடு.

இன்னொரு சேதம் கேபிளால் வந்தது. சாம்பல் நிற கேம் பாயைச் சுற்றி ஒரு இணைப்புக் கேபிளைக் கட்டி வைத்திருந்தார்கள். பிவிசி கேபிளை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கேம் பாயின் முதுகில் கேபிள் அளவுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதை அழிக்க வழியில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பெட்டி இறங்கிய மறுநாளே நடந்து முடிந்திருந்தது. ஆரஞ்சு நிற, மடித்துத் திறக்கும் ஒரு கருவி தன் அட்டைப்பெட்டியோடு இருந்திருக்கிறது. பூஞ்சை பிடித்த அட்டை பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. “மாமா வாங்கிட்டு வந்த பொருள்தான் முக்கியம், அட்டைதானேன்னு போட்டுட்டோம்” என்றார் தங்கை மகள். விசாரித்ததில், அந்தக் கட்டு ஏற்கெனவே மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டது என்று தெரிந்தது.

முதல் முடிவு: பேட்டரி போடாதே, துடைக்காதே

வந்த இருவரும் முதலில் செய்தது ஒவ்வொன்றையும் ஆறு பக்கமும் படம் எடுத்ததுதான். பின்புற ஸ்டிக்கர், வரிசை எண், பேட்டரி அறையின் உட்புறம், திருகுகளின் தலை ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்தார்கள். குடும்பத்தார் ஏற்கெனவே பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தொட்டு ஒன்றைத் துடைத்திருந்தார்கள். அதன் ஸ்டிக்கரில் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மங்கியிருந்தன. வாங்குபவர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரின் படத்தைத்தான்.

பேட்டரி போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் தள்ளிப்போட்டார்கள். ஈரம் ஏறிய சர்க்யூட் பலகையில் மின்சாரம் பாய்ந்தால், அரிப்பு பிடித்த தடங்கள் அங்கேயே அறுந்துபோகும்.

எல்லாவற்றையும் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில், டப்பாவுக்கு அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மானியும் வைத்து மூடி, அப்படியே கோவைக்கு இறக்கினார்கள். மலையில் குளிர்ந்த பொருளைச் சமவெளியின் வெதுவெதுப்பான காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த கண்ணாடியில் பனி படிவதுபோல உள்ளே நீர் படியும். எனவே வந்து சேர்ந்தபின் ஆறு மணி நேரம் டப்பாக்களைத் திறக்கவில்லை. ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிலைக்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. வெயிலில் காயவைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் திரையின் மேல் ஒளியை வடிகட்டும் போலரைசர் படலத்தைக் கருக்கிவிடும். அரிசிக்குள் புதைத்தால் தூசியும் மாவும்தான் பொத்தான் சந்துகளில் சேரும்.

எது எந்த மாதிரி

வீட்டார் “மூணு கேம் பாய், ரெண்டு டாங்கி காங், ஒரு சேகா, மத்ததெல்லாம் பிரிக் கேம்” என்று சொல்லியிருந்தார்கள். மாதிரி எண் பார்த்தபோது பட்டியல் மாறிவிட்டது.

ஆரஞ்சு நிறக் கருவி நிண்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச் வரிசையில் 1982இல் வந்த டாங்கி காங், எண் டிகே-52. அதன் ஜோடி என்று நினைத்தது அதே வரிசையின் பாராசூட், எண் பிஆர்-21, 1981. இதற்குப் பேட்டரி மூடி இல்லை. சாம்பல் நிறச் செங்கல் போன்றது 1989இன் முதல் கேம் பாய், டிஎம்ஜி-01. வெள்ளி நிறத்தில் இருந்த இரண்டையும் எல்லோரும் கேம் பாய் பாக்கெட் என்றே சொன்னார்கள். ஒன்று உண்மையில் பாக்கெட்தான், எம்ஜிபி-001, 1996. அதில் மின் விளக்குப் புள்ளி இல்லை. முதல் தொகுப்புகளில் அது கிடையாது. மற்றொன்று சற்றே அகலம், தடிமன். பேட்டரி மூடியைத் திறந்தபோது உள்ளே இரண்டு சிறு ஏஏஏ செல்லுக்குப் பதில் இரண்டு ஏஏ செல் போகும் இடம் இருந்தது. ஸ்டிக்கரில் எம்ஜிபி-101. அது கேம் பாய் லைட். 1998இல் ஜப்பானில் மட்டும் விற்றது, திரைக்குப் பின்னால் நீலப் பச்சையாக ஒளிரும் படலம் உள்ளது. கோவைச் சேகரிப்பாளர் மொத்தமாகக் கேட்ட ரூ.12,000ஐவிட இந்த ஒன்றின் மதிப்பே அதிகம். பெட்டி முழுக்கத் தடவிப் பார்த்தவர்கள் ஒருவர்கூட அதன் பேட்டரி மூடியைத் திறந்திருக்கவில்லை.

மீதமிருந்தவை: பாண்டாயின் ஒண்டர்ஸ்வான் கறுப்பு வெள்ளை மாதிரி, 1999, சேகா கேம் கியர், 1990இல் வந்த வரிசை, ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, சோனியின் பிஎஸ்பி முதல் மாதிரி ஒன்று, கடைசியாக விழும் கட்டைகளை அடுக்கி விளையாடும் மலிவான பிரிக் கேம் இரண்டு.

எஸ்பி விஷயத்தில் மதிப்பிட வந்தவர்களே ஒரு நாள் ஏமாந்தார்கள். பின்புற ஸ்டிக்கரில் ஏஜிஎஸ்-101 என்றிருந்தது. 2003இல் வந்த ஏஜிஎஸ்-001இன் ஒளி திரையின் ஓரத்திலிருந்து மேலே விழும். பின்னர் வந்த 101இல் ஒளி பின்னாலிருந்து வரும், படம் பளிச்சென்றிருக்கும், விலையும் அதற்கேற்றபடி உயரும். 101 என்றே குறித்துக்கொண்டார்கள். மறுநாள் இயக்கியபோது ஒளிப் பொத்தானை அழுத்தினால் விளக்கு முழுதாக அணைந்தது. 101இல் அது அணையாது. பளிச், அதைவிடப் பளிச் என்று இரண்டு நிலைதான். அப்படியானால் உள்ளே இருப்பது 001. வெளி ஓட்டைப் பின்னர் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்று ஓடு அச்சடித்த ஸ்டிக்கரோடே வந்திருக்கிறது. ஸ்டிக்கர் ஒரு சாட்சிதான். தீர்ப்பைத் திரைதான் சொல்லும்.

அரிது என்பதும் விலை என்பதும்

குடும்பத்தாருக்கு விளக்க அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான். நாற்பது ஆண்டுப் பழசு, எனவே அரிது, எனவே விலை என்று அவர்கள் ஒரே மூச்சில் போனார்கள். மூன்றும் ஒன்றையொன்று தொடர்வதில்லை.

டாங்கி காங் டிகே-52 சுமார் 80 லட்சம் விற்றது. கேம் அண்ட் வாட்ச் வரிசை முழுவதும் உலகெங்கும் 4.34 கோடி. இதில் அரிது என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சிலுவை வடிவத் திசைப் பொத்தான் முதலில் வந்த கருவி அது. டாங்கி காங் கதையை அறியாத கேம் ஆர்வலர் இல்லை. கேட்பவர்கள் எப்போதும் இருப்பதால் விலை நிற்கிறது. ஒண்டர்ஸ்வான் அதற்கு நேர்மாறு. நீலகிரியில் இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ஜப்பானியச் சந்தையில் அது தாராளமாகப் புழங்குகிறது. அதன் விளையாட்டுகளில் பலவும் ஜப்பானிய மொழியில் இருப்பதால் இங்கே கேட்பார் குறைவு. ஊரில் இல்லை என்பது அரிது ஆகாது.

பிரிக் கேம் இன்னும் தெளிவான உதாரணம். 1990களில் திருவிழாக் கடைகள் வரை எல்லா இடத்திலும் தொங்கியது. பெயர் தெரியாத பல தொழிற்சாலைகள் செய்தன. எது எந்த ஆண்டு என்று பிரிக்கவே முடியாது. பிரித்து அறிய முடியாத பொருளைச் சேகரிப்பவர் தேடுவதில்லை.

கேம் பாய் லைட்டில் மட்டும்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒரே நாட்டில் விற்றது. அதே ஆண்டில் கேம் பாய் கலர் வந்துவிட்டதால் சந்தையில் நீண்ட நாள் நிற்கவில்லை. கேம் பாய் வரிசையை முழுமையாகச் சேர்ப்பவர் இதைத் தவிர்க்க முடியாது. ஜப்பானியக் கருவி என்பதால் மற்ற நாட்டு கேட்ரிட்ஜ் ஓடாது என்ற பயமும் வேண்டாம். கேம் பாய்க்கு நாட்டுப் பூட்டு கிடையாது.

சோதனையும் பழுதுபார்ப்பும்

டிகே-52இல் இரண்டு எல்ஆர்44 பொத்தான் செல் போட்டு, கருவியை மீட்டமைக்கும் ஏசிஎல் துளையில் ஊசியால் அழுத்திப் பிடித்தார்கள். அப்போது இரண்டு திரையிலும் எல்லாப் படக் கூறுகளும் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும். தோன்றின. பாராசூட்டில் இடது ஓரத்தில் மை கொட்டியதுபோல் ஒரு கறை. புள்ளி புள்ளியாக இருந்தால் அது படலத்தின் மேலுள்ள பூஞ்சை. படலத்தை மாற்றினால் போகும். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும் கறுப்பு என்றால் கண்ணாடிக்குள் இருக்கும் திரவப் படிகமே கசிந்துவிட்டது. பாராசூட்டில் இருந்தது இரண்டாவது வகை. தொடவில்லை.

முதல் கேம் பாயில் நான்கு செல்லும் கசிந்து ஸ்பிரிங்கோடு ஒட்டியிருந்தன. இங்கே பலரும் தவறுகிறார்கள். அயல்நாட்டுக் குறிப்புகள் எல்லாம் வினிகர் போடச் சொல்கின்றன. அது ஆல்கலைன் செல்லின் காரக் கசிவுக்குச் சரி. நம் ஊர்க் கடைகளில் அன்று விற்ற சாதாரண செல்கள் பெரும்பாலும் ஜிங்க் கார்பன். அவற்றின் கசிவு அமிலத் தன்மை உடையது. அதற்கு வினிகர் போட்டால் அரிப்பு கூடும். செல்லின் மேலுறையைப் படித்து ஜிங்க் கார்பன் என்று உறுதி செய்தபின், சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சுக் குச்சியால் தடவி, ஈரத் துணியால் துடைத்து, கடைசியில் 99 விழுக்காடு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் தொடுமுனைகளைச் சுத்தம் செய்தார்கள். ஆல்கஹால் ஸ்டிக்கர் மீதோ அச்செழுத்து மீதோ படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் திரையில் நெடுக்காக நான்கு கோடுகள் விடுபட்டிருந்தன. இது பழைய டிஎம்ஜிக்கு வரும் வழக்கமான நோய்: திரையின் அடியில் நாடா கேபிள் ஒட்டியிருக்கும் இடம் தளர்ந்துவிடும். பின்பக்கத்தின் ஆறு மூன்று முனைத் திருகுகளையும் அதற்கான டிரைவராலேயே கழற்றினார்கள். சாதாரண நட்சத்திர டிரைவரைத் திணித்தால் தலை மழுங்கும். மழுங்கிய தலையைப் பார்த்ததும் வாங்குபவர் விலையைக் குறைப்பார். சூட்டைக் குறைத்து வைத்த சால்டரிங் அயர்னை அந்த ஒட்டின் மேல் மெல்ல இழுத்ததும் கோடுகள் திரும்பின. குறுக்குக் கோடு விடுபட்டிருந்தால் இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது.

கேம் கியரில் ஒலி இல்லை, படம் மங்கல். அந்தக் காலத்துச் சிறு மின்தேக்கிகள் கசிந்திருக்கின்றன. மூன்று பலகைகளிலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழுதுபார்க்கக் கேட்ட கூலியும், சரியானபின் கிடைக்கும் கூடுதல் விலையும் கிட்டத்தட்ட சமம். எனவே பழுதை எழுதிக் காட்டி அப்படியே விற்பது என்று முடிவு. பிஎஸ்பியின் பேட்டரி உப்பியிருந்தது. குத்தாமல், அழுத்தாமல் எடுத்து, மணல் நிரப்பிய தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்தார்கள்.

பதினான்கு கேட்ரிட்ஜ்களில் ஐந்து போலி. சந்தேகம் வந்தவற்றை இவற்றின் திருகுக்கென்றே உள்ள 3.8 மி.மீ. கேம்பிட் டிரைவரால் திறந்தார்கள். அசல் பலகையில் நிண்டெண்டோ பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். கால்கள் தெரியும் சில்லுகள் இருக்கும். அந்த ஐந்திலும் கறுப்புக் கோந்து உருண்டைதான் இருந்தது. திறக்காமலே பார்ப்பதென்றால், அசல் லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் அதில் அழுத்திப் பதித்த இரண்டு இலக்கம் தெரியும்.

விலை குறித்தது

கேட்கும் விலையை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. விற்று முடிந்த விலையை மட்டும் பார்த்தார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் கடந்த மூன்று மாதங்களில் விற்றவற்றில், அதே நிலையில் உள்ளவற்றைப் பொறுக்கி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, நடுவில் நின்ற விலையைக் குறித்தார்கள். வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றி அப்படியே போடவில்லை. அங்கிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் இறக்குமதி வரியும் அதன் மேல் சேரும். இங்கே வாங்குபவர்களின் எண்ணிக்கையும் வேறு.

காணொளியில் பார்த்த லட்சங்கள் குறித்தும் பேசினார்கள். அவை பிரிக்காத, தரம் பார்த்து ஒளிபுகும் பிளாஸ்டிக் பேழையில் அடைத்த பொருள்கள். கையில் எடுத்து விளையாடிய பொருளோடு அவற்றை ஒப்பிட ஒரு அடிப்படையும் இல்லை.

மொத்தமாகக் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. மொத்த விலை சொல்பவர் தனக்குத் தெரிந்த ஓரிரண்டுக்கு விலை போட்டு, மற்றதை இலவசமாகவே எடுத்துப் போகிறார்.

நடந்தது

2024 ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒவ்வொன்றாக விற்றன. கேம் பாய் லைட் ரூ.14,000. டாங்கி காங் ரூ.9,500. ஓடு மாற்றியது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்ற எஸ்பி ரூ.4,200, 101 என்று விற்றிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும், பத்து நாளில் திரும்பியும் வந்திருக்கும். பேட்டரி இல்லாத பிஎஸ்பி ரூ.3,800, பாக்கெட் ரூ.3,200, ஒண்டர்ஸ்வான் ரூ.3,000, பாராசூட் ரூ.2,800, கேம் கியர் ரூ.2,500. ஒன்பது அசல் கேட்ரிட்ஜ்களும் சேர்த்து ரூ.6,400. மொத்தம் ரூ.49,400.

ஒரு சறுக்கல் நேர்ந்தது. டாங்கி காங்கைக் குன்னூர் வீட்டிலிருந்தே பொதிந்து அனுப்பினார்கள். இடைவெளியை நிரப்பப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து ஒட்டிவிட்டார்கள். மலையில் கிடந்த செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வாங்கியவர் இருந்த சென்னையின் சூட்டில் அது ஈரத்தை வெளியே விட, உறைக்குள் இருந்த கையேட்டின் பக்கங்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. வாங்கியவர் அனுப்பிய படம் நியாயமாகவே இருந்தது, ரூ.700 திருப்பிக் கொடுத்தார்கள்.

சிலிக்கா ஜெல், டிரைவர்கள், ஆல்கஹால், செல்கள், கூலி, கூரியர் எல்லாம் ரூ.4,650. கையில் நின்றது ரூ.44,050.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அட்டைப்பெட்டி இருந்திருந்தால் டிகே-52 இருமடங்குக்கு மேல் போயிருக்கும் என்பது அந்த மூன்று மாத விற்பனைகளைப் பார்த்தவர்களின் கணிப்பு. பூஞ்சை பிடித்த அட்டையும் அட்டைதான். உலர்த்தி, மென் தூரிகையால் தட்டினால் பாதிக்கு மேல் மீண்டுவிடும். எனவே வீட்டைக் காலி செய்யும்போது காகிதம், அட்டை, தெர்மாகோல், பேட்டரி மூடி ஆகியவற்றை வெளியே எறிவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பாராசூட்டின் மூடியும் ஒருவேளை அதே குப்பையில்தான் போயிருக்கும்.

எஸ்பியைப் போன்றவற்றுக்கு, இயக்கிப் பார்க்கும்வரை பட்டியலில் மாதிரி எண்ணுக்குப் பதில் “ஸ்டிக்கர் சொல்வது” என்று மட்டும் எழுதும் பழக்கத்தை அந்த இருவரும் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையிலிருந்து அனுப்பும் பொதிகளில் செய்தித்தாள் கிடையாது. குமிழ் உறையும் 50 கிராம் சிலிக்கா ஜெல் பையும்தான். கையேடு தனி உறையில் போகிறது.

சாம்பல் நிற கேம் பாய் விற்பனைக்கு வரவில்லை. கோடுகள் மறைந்த திரையைப் பார்த்ததும் தங்கை மகள் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். முதுகில் கேபிள் தடத்தோடு, செல்களைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் அது இருக்கிறது. இரண்டு பிரிக் கேமும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.